எட்டு டிரெய்னிங் எடுத்த பச்சையம்மா

நெல்லிமரத்தூரில் பச்சையம்மாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊரே முப்பத்தொரு வீடுதான். ஆனால் அடிவாரத்தில் இருந்த அரசாங்க ஆபீசுகளுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஜவ்வாது மலைக்காரர்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தே தீருவது என்று எந்த இலாகா கிளம்பினாலும், கற்றுக்கொள்ள வேண்டியவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டுக்கும் எண்பத்து நாலுக்கும் இடையில் அவள் எட்டு டிரெய்னிங் எடுத்தாள். எட்டிலும் தேறியதாகக் காகிதம் இருந்தது.

அவளுக்கு உண்மையில் தெரிந்த வித்தை தேன். ஓடையில் தண்ணீர் குடிக்க வரும் தேனீ எந்தத் திசையில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். கொஞ்ச நேரத்தில் பொந்து உள்ள மரத்தடியில் நிற்பாள். அடையில் தேன் இருக்கிற பக்கத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு இருக்கிற பக்கத்தை அப்படியே விட்டுவிடுவாள். அடுத்த வருஷமும் அதே பொந்தில் தேன் இருக்கும். அவள் புருஷன் மாதையன் சாமை விதைப்பதிலும் புளி உலுக்குவதிலும் கெட்டிக்காரன். ஈ என்றால் மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நாலு மரம் தள்ளி நின்று யோசனை சொல்வான்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் கிராம சேவகர் ராஜவேலு குடையோடு மலையேறி வந்தார். சந்தவாசல்காரர். முப்பது பெயர் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கையில் இருபத்தொன்பதுதான் இருந்தது.

"எம்மா, ஒடுகத்தூர்ல டிரெய்னிங் நடக்கப்போவுது. வர்றியா?" என்றார்.

பச்சையம்மாவின் காதில் அந்தச் சொல்லின் முன்பாதிதான் விழுந்தது. மலை விளிம்பில் ஆடு மேய்க்கிறபோது, மேற்கே வெகுதூரத்தில், சமவெளியின் குறுக்கே மரவட்டை மாதிரி ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்திருக்கிறாள். அதற்கு டிரெயின் என்று பேர் என்பதும் தெரியும்.

"எத்தினி நாளு போவும் சார்?"

"மூணு நாளு போவும்."

"எது வரிக்கும் போவும்?"

ராஜவேலு சர்க்கார் சம்பளம் வாங்குகிற மனிதர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நீ எவ்ளோ தூரம் போவணும்னு ஆசப்படறியோ, அவ்ளோ தூரம் போலாம்மா. உன் வாழ்க்கையே மாறிடும். சாப்பாடும் உண்டு."

மூன்று நாள் டிரெயினில் சாப்பாட்டோடு போகலாம் என்றால் எந்த முட்டாள் வேண்டாம் என்பான்? பச்சையம்மா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மாதையனிடம் ஆட்டை ஒப்படைத்துவிட்டு மலையிறங்கினாள்.

ஒடுகத்தூரில் அவளை ஒரு கூடத்துக்குள் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிரே கரும்பலகை. பக்கத்தில் யானைக்குட்டி அளவுக்கு ஒரு தேனீயின் படம். ஆதிநாராயணன் என்ற அதிகாரி கையில் பிரம்போடு வந்து, தேனீக்கு எத்தனை கால் என்று ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை பச்சையம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சார், அது எப்ப வரும்?"

"எது?"

"டிரெயினு."

கூடமே சிரித்தது. மலையிலிருந்து வந்த இன்னும் நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

ஆதிநாராயணன் பெரிய மனசு பண்ணி விளக்கினார். "அது வேற, இது வேறம்மா. டிரெய்னிங்னா பயிற்சி. தெரியாத விஷயத்தைத் தெரிஞ்சிக்கறது."

"யாருக்குத் தெரியாதது சார்?"

அவர் பிரம்பை எடுத்துக்கொண்டு தேனீயின் ஐந்தாவது காலுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் செய்முறை. மரப்பெட்டி ஒன்றில் ஈக்களைக் குடியேற்றி, வேலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். பஸ் குலுங்கிய குலுங்கலில் ஈக்கள் ஏற்கெனவே நல்ல மனநிலையில் இல்லை. ஆதிநாராயணன் மூடியைத் திறந்து, "பயப்படக் கூடாது, தேனீ நம்ம நண்பன்" என்றார். நண்பர்களில் ஒருவன் அவர் மூக்கின் மேல் உட்கார்ந்து கொட்டினான். அதிகாரி கையிலிருந்த அடைச் சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தை, பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக் கடைக்காரர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் கவிழ்ந்தன. இருபத்தொன்பது பேர் தெருவில் நின்றார்கள்.

பச்சையம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஈக்கூட்டம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பறந்து, கடைசியில் வாசல் வேப்பமரக் கிளையில் போய்க் கொத்தாகத் தொங்கியது. அவள் ஒரு கூடையை அடியில் வாகாகப் பிடித்து, கிளையை ஒரு உதறு உதறினாள். பெட்டிக்குள் கொட்டினாள். ராணி உள்ளே போய்விட்டதை உறுதி பண்ணிக்கொண்டு மூடியை முக்கால்வாசி மூடினாள். வெளியே இருந்த ஈக்கள் வரிசையாக உள்ளே நடந்தன.

"பாத்தீங்களா?" என்றார் தெருவில் நின்ற ஆதிநாராயணன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. "மூணே நாள் டிரெய்னிங். இந்தம்மா எப்படிக் கத்துக்கிட்டாங்க பாருங்க!"

அறிக்கையிலும் அப்படியேதான் எழுதினார். தேறியவர்களுக்குக் காகிதம் கொடுத்தார்கள். பச்சையம்மாவின் காகிதத்தில் 'திரு. பச்சையப்பன்' என்று இருந்தது. டைப் அடித்தவருக்கு அன்று என்ன அவசரமோ, அம்மாவை அப்பனாக்கிவிட்டார். அவளுக்கோ படிக்கத் தெரியாது. பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேறியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு தேன் பெட்டி இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். வாங்கப் போனபோதுதான் சங்கதி வெளியே வந்தது.

"பச்சையப்பன் வரலியா?" என்றார் குமாஸ்தா.

"நான்தான் சார் அது. பச்சையம்மா."

"லிஸ்டுல பச்சையப்பன்னு இருக்கு. அவரு வந்து கைநாட்டு வெச்சாத்தான் பெட்டி."

"அப்பிடி ஒருத்தரு இல்லியே சார்."

"இல்லாதவருக்கு எப்படிம்மா பெட்டி குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, குமாஸ்தா தன் நியாயத்தில் தானே திருப்தியடைந்து டீ குடிக்கப் போனார்.

பெட்டி வராவிட்டாலும், பச்சையப்பன் என்ற பெயர் சர்க்கார் காகிதத்தில் வேர்விட்டுவிட்டது. ஏற்கெனவே பயிற்சி பெற்றவர், கூப்பிட்டால் வருகிறவர், நடுவில் எழுந்து போகாதவர். பட்டியல் நிரப்புகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த வருஷம் பாய் முடைகிற டிரெய்னிங். அதற்கடுத்து சோப்பு. பிறகு கோழி வளர்ப்பு. வெள்ளை வெளேரென்று சீமைக் கோழிகளைக் கொடுத்தனுப்பினார்கள். நெல்லிமரத்தூர்க் காட்டுப்பூனைகளுக்கு அந்த மாதிரி ஒரு விருந்து அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பெண்களுக்கு மட்டுமான தையல் டிரெய்னிங்கிலும் திரு. பச்சையப்பன்தான் முதல் பெயர். இருபத்தைந்து பெண்களுக்கு ஒரு மிஷின். அதிலும் ஊசி இல்லை. ஆளுக்குக் கால்மணி நேரம் சும்மா பெடலை மிதித்துவிட்டு இறங்கினார்கள். இப்படிப்பட்ட தேர்ச்சியைக் கண்டு அதிகாரிக்கே கண் கலங்கியது என்று சொல்வார்கள்.

கைத்தறி பார்ப்பதற்கென்று ஒருமுறை குடியாத்தத்துக்கு வேனில் கூட்டிப்போனார்கள். வழியில் கேட் மூடியிருந்தது. பச்சையம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். டிரெயின் தடதடவென்று இவள் முகத்துக்கு நேரே போயிற்று. கேட் திறந்தது.

"பாத்தியா? எப்பிடி இருந்துச்சு?" என்று வீட்டில் மாதையன் ஆவலாகக் கேட்டான்.

"பாத்தேன். அது பாட்டுக்கு எங்கியோ போவுது. நம்மள ஏத்திக்கல" என்றாள்.

இதற்குள் டிரெய்னிங் என்ற சொல் நெல்லிமரத்தூரில் தன் சொந்தக் காலில் நடக்க ஆரம்பித்திருந்தது. முதலில் அதற்கு அர்த்தம் மத்தியானம் அங்கே கொடுக்கிற சாம்பார் சாதப் பொட்டலம். "இன்னிக்கு டிரெய்னிங்ல உப்பு இல்ல" என்பார்கள். பிறகு, வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதும் டிரெய்னிங் ஆயிற்று. சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவனை, "இன்னா, டிரெய்னிங்கா?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் செந்தாமரையின் கிடா மூன்று நாள் காணாமல் போய், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, அவள் அதன் காதைத் திருகி, "எங்கடா டிரெய்னிங் போய்ட்டு வர்ற?" என்றாள். ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் வந்து, பச்சையம்மாவின் பந்தலைப் பார்த்துவிட்டு, "இந்த அவரைக் கொடிய சரியா டிரெய்ன் பண்ணலியேம்மா" என்று வருத்தப்பட்டார்.

"கொடிக்குமா சார்?" பச்சையம்மா நிஜமாகவே திகைத்துப் போனாள். "அது சாம்பார் சாதம் துன்னாதே."

கொடியைக் கம்பில் சுற்றிக் கட்டி நமக்கு வேண்டிய பக்கம் ஏற்றிவிடுவதற்கும் அதே சொல்தான் என்று ஆபீசர் சொன்னார். அவள் கொடி நுனி ஒன்றைக் கம்பில் சுற்றிவிட்டாள். "அப்ப சரி சார். எங்கள செய்றதும் அதுதான். காயி மட்டும் உங்க பக்கம் காய்க்குது."

எண்பத்து நாலில்தான் அந்தச் சொல் இன்னொரு அர்த்தத்தோடு மலையேறி வந்தது. மலைமேலேயே தேனீ வளர்ப்பு நிலையம் திறக்கிறார்கள். அதற்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர் தேவை. டிரெய்னிங் எடுத்தவராக இருக்க வேண்டும். சேதியைச் சொன்னதும் ராஜவேலுதான். தலை நரைத்து, ஓய்வு பெறுகிற வருஷத்தில் இருந்தார். "உன்னவிட டிரெய்னிங் எடுத்தவங்க இந்த ஜில்லாவுலயே இல்லம்மா, போய் நில்லு" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அவளைப் பட்டியலில் எழுதியதற்கு ஒரு பலன் கிடைக்கட்டும் என்ற ஆசை அந்த மனிதருக்கு இருந்தது.

எட்டுக் காகிதத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பச்சையம்மா வேலூருக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

"பச்சையப்பன்?"

"நான்தான் சார்."

"நீங்க அவரோட சம்சாரமா?"

"இல்ல சார். அவரே நான்தான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காகிதங்களைப் புரட்டினார்கள். நடுவில் இருந்தவர், "எட்டு டிரெய்னிங்! வெரி குட்" என்றார். பிறகு, "எட்டாவது பாஸ் பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

"எட்டாவதும் பாஸ்தான் சார். அதுவும் உள்ளதான் இருக்கு."

"பள்ளிக்கூடத்துல எட்டாவதும்மா."

அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததெல்லாம் ஓட்டுப் போடப் போனபோதுதான். டிரெய்னிங் முக்கியம்தான், ஆனால் டிரெய்னிங் கொடுப்பதற்குப் படிப்பு வேண்டும். எடுப்பதற்குத்தான் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த டிரெய்னிங்குக்கு அவசியம் கூப்பிடுவதாகவும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவள் பையை மூலையில் எறிந்துவிட்டு, நேரே கொல்லைக்குப் போய், கொத்த வேண்டிய அவசியமே இல்லாத நிலத்தைக் கொத்தினாள். எட்டுக் காகிதம் இருந்தது; எட்டிலும் அவள் பெயர் இல்லை. அந்த ஆபீசுகள் இத்தனை வருஷம் கூப்பிட்டு உட்கார வைத்தது இல்லாத ஓர் ஆளை. மாதையன் வந்து பார்த்தான். வழக்கமாக யோசனை சொல்கிறவன் அன்றைக்கு அவனே போய்க் களி கிண்டினான். கட்டி கட்டியாக இருந்தது. அவள் அதையும் தின்றாள்.

வேலைக்கு வந்தவன் தேவராஜ். அடிவாரத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். புத்தகத்தில் படித்துத் தேறியவன். அரசாங்கம் பன்னிரண்டு பெட்டி கொடுத்தது. தினமும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும் என்று சொன்னது. தேவராஜ் ஒழுக்கமானவன், தினமும் திறந்தான். தினமும் ஒருவன் கூரையைப் பிரித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் யார்தான் அந்த வீட்டில் குடியிருப்பார்கள்? மூன்று மாதத்தில் பன்னிரண்டு பெட்டியும் காலி. ரிஜிஸ்தர் மட்டும் நிறைந்திருந்தது.

பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று ஓலை வந்ததும் தேவராஜ் நெல்லிமரத்தூருக்கு ஓடிவந்தான்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். அஞ்சு நாளுதான் இருக்குது. எனக்குக் கத்துக்குடுங்க."

பச்சையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "டிரெய்னிங் வோணுமா சார்?"

"ஆமாங்கக்கா."

"குந்துங்க."

உட்கார வைத்தாள். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள். ஈக்கு ஆறு கால், நாலு றெக்கை, அது நம்ம நண்பன் என்று, ஆதிநாராயணன் ஒடுகத்தூரில் சொன்னதையெல்லாம் அதே குரலில், அதே இருமலோடு சொன்னாள். செந்தாமரை வேலியோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மத்தியானம் பச்சையம்மா இலையில் சோறு போட்டாள். உப்புப் போடவில்லை. பிறகு அடுப்புக்கரியைக் குழைத்து அவன் கட்டை விரலில் தடவி, பழைய காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் அழுத்தச் சொன்னாள்.

"அவ்ளோதான். டிரெய்னிங் முடிஞ்சிது. போய்ட்டு வாங்க."

தேவராஜ் கருப்பு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முட்டாள் இல்லை. "புரியுதுக்கா" என்றான் மெதுவாக. "அந்த வேலைக்கு நீங்களும் வந்திருந்தீங்கன்னு ராஜவேலு சார் சொன்னாரு. கோவம் நாயந்தான். டிரெய்னிங் வோணாம். கூட வர்றேன். நீங்க செய்யறத பாக்கறேன்."

அப்படிக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. பச்சையம்மா குச்சியைக் கீழே போட்டாள். "செருப்ப கழட்டிட்டு வா" என்றாள். 'சார்' போய்விட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மூன்று நாள் காட்டில் அலைந்தார்கள். ஓடைக்கரையில் அவனைப் படுக்கப் போட்டு, ஈ திரும்புகிற திசையைப் பார்க்க வைத்தாள். முதல் பொந்தில் கையை விட்டபோது ஒன்பது கொட்டு வாங்கினான். முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. இரண்டாவது பொந்தில் நாலு. மூன்றாவதில் ராணியை அவனே கண்டுபிடித்து, எடுத்துப் பெட்டியில் விட்டான். "நல்லா புடிச்ச" என்றாள் பச்சையம்மா. அவளுடைய எட்டு டிரெய்னிங்கிலும் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

பெரிய அதிகாரி வந்த அன்று மூன்று பெட்டியில் ஈ இருந்தது. பெட்டிகளைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திருப்தியடைந்த அதிகாரி, தேவராஜின் வீங்கிய முகத்தைப் பார்த்து, "எங்கே டிரெய்னிங் எடுத்தே?" என்றார்.

"இவங்ககிட்ட சார்" என்று தேவராஜ் பச்சையம்மாவைக் காட்டினான். "பச்சையம்மா. இவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கூட வந்தவர் குறிப்பெடுத்தார்: 'மலைவாழ் பெண் பச்சையம்மா நிலையத்தில் பயிற்சி பெற்று வருகிறார்.' ஒன்பதாவது டிரெய்னிங்கும் அவள் கணக்கில் ஏறியது. ஆனால் தேவராஜ் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னதால், இந்தத் தடவை பெயர் மட்டும் சரியாக விழுந்தது.

எண்பத்தேழில் நிலையத்தை மூடினார்கள். நோக்கம் நிறைவேறிவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். காலிப் பெட்டிகளை, 'உபயோகத்துக்கு லாயக்கில்லை' என்று எழுதி, தேவராஜ் நெல்லிமரத்தூரில் இறக்கிவிட்டுப் போனான். லாயக்கில்லாத பெட்டிகளில் பச்சையம்மா ஈக்களைக் குடியேற்றினாள். செந்தாமரையும் இரண்டு வைத்துக்கொண்டாள். மாதையன் நாலு மரம் தள்ளி நின்றவன் இரண்டு மரம்வரை முன்னேறினான். ஒடுகத்தூர்ச் சந்தையில் அவள் கொண்டுபோகிற தேன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். சுத்தமான தேனா என்று யாராவது கேட்டால், "சந்தேகம்னா வாங்காத போ" என்பதோடு சரி.

சந்தவாசல் பக்கம் மாற்றலாகிப் போயிருந்த தேவராஜிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. முகவரியில் 'திருமதி பச்சையம்மா' என்று இருப்பதைத் தபால்காரரை மூன்று தடவை படித்துக்காட்டச் சொன்னாள். பெட்டிகளில் அடையைத் தின்கிற மெழுகுப்பூச்சி விழுந்திருக்கிறதாம். என்ன செய்வது என்று கேட்டிருந்தான்.

தபால்காரர் பேனாவைத் திறந்தார். "இன்னா எழுதணும், சொல்லும்மா."

"பூச்சி புடிச்ச அடைய அறுத்துப் போட்டு எரிக்கச் சொல்லுங்க. பெட்டிய வெயில்ல காய வெக்கச் சொல்லுங்க. இன்னும் ஈ மொய்க்கிற அடைய மட்டும் வெச்சிக்கினு பெட்டியச் சின்னதா ஆக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம், நேர்ல வந்தா சாப்பாடு உண்டுன்னு எழுதுங்க. உப்பு போட்டே போடறேன்னு எழுதுங்க."